ஒருவருக்கு மட்டும் பொறுப்பேற்கலாம்: மும்பைத் தமிழரின் விருந்தாளிகளைப் பற்றி

நீளமான பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கவும்.

நான் ஆய்வு செய்துவரும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அப்பாவையும் அம்மாவையும் சில வாரங்கள் அழைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். அதற்குரிய படிவம் ஒன்று உண்டு. ஜெர்மானியர் வழக்கப்படி இரண்டு சொற்களை ஒட்டவைத்து ஒரே சொல்லாக்கிய பெயர் அதற்கு. தமிழில் ‘பொறுப்பேற்பு உறுதிமொழி’ எனலாம். விருந்தாளி இந்நாட்டில் இருக்கும்வரை அவருடைய உணவு, உறைவிடம், மருத்துவச் செலவு, தேவைப்பட்டால் அவரைத் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றை நான் ஏற்கிறேன் என்று அரசுக்குக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். சட்டப்படி அப்பொறுப்பு ஐந்தாண்டுகள் நீடிக்கக்கூடியது. கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், கடவுச்சீட்டு எல்லாம் இணைக்க வேண்டும். இதற்கு மேல், வருபவருக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கிடைப்பது முழுநேரச் சம்பளம் அன்று. வாடகை போக மிஞ்சுவதைக் கணக்கிட்டுப் பார்த்ததில், என் வருமானத்திற்கு ஒருவருக்கு மட்டுமே பொறுப்பேற்க முடியும் என்று தெரிந்தது. இருவரில் யார் என்ற கேள்வியைத் தொலைபேசியில் கேட்டபோது அப்பா சிரித்தார்.

“நம்ம கோலிக்கு வந்தவுகள யாரு எண்ணுனா? அம்மை வரட்டும். நான் பொறவு வாரேன்.”

தாராவியில் வளராதவர்களுக்காக ஒரு குறிப்பு: ‘கோலி’ என்பது அறையைக் குறிக்கும் மராத்திச் சொல். எங்களுக்கு அதுவே வீடு. நான் பிறந்த கோலி பத்தடிக்குப் பதினைந்தடி. மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு ‘மோரி’. தலைக்கு மேலே பலகையடித்த ‘போட்மாலா’. அந்த நூற்றைம்பது சதுர அடியில், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், விருந்தாளி இல்லாத மாதம் என்று ஒன்று இருந்ததில்லை. எந்த அரசும் எங்களிடம் உறுதிமொழி கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவரைக்கூட ஏற்கும் தகுதி எங்களுக்கு இருந்திராது. ஆயினும் எத்தனையோ பேர் வந்தார்கள், தங்கினார்கள், பிழைத்தார்கள். அது எவ்வாறு இயன்றது? அம்மா இங்கிருந்த ஆறு வாரங்களும் இக்கேள்வி என்னை விடவில்லை.

மொழியியல் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ‘விருந்து’ என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது புதிதாகப் புனையப்படும் செய்யுளையே குறிக்கிறது. புதிதாய் வந்தவர் என்பதாலேயே வீட்டுக்கு வந்தவர் விருந்தானார். அவருக்கு இட்ட உணவும் பின்னர் அப்பெயரே பெற்றது. குறளின் ஒன்பதாம் அதிகாரத் தலைப்பில் இதனுடன் சேரும் ‘ஓம்பல்’ பேணுதலைக் குறிக்கும். ஜெர்மன் மொழியில் விருந்தாளியைக் குறிக்கும் ‘காஸ்ட்’ என்னும் சொல்லோ, பகைவரைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லாகிய ‘ஹோஸ்திஸ்’ பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. அவ்வேரின் பொருள் அயலார். வாசலில் நிற்கும் அயலார் உறவாவாரா, பகையாவாரா என்பது வீட்டுக்காரர் எடுக்கும் முடிவு. அம்முடிவை ஒரு நாடு எடுக்கும்போது படிவம் தேவைப்படுகிறது. ஒரு தெரு எடுக்கும்போது வேறொன்று தேவைப்படுகிறது. தாராவியில் அது ஊர்ப்பெயர்.

மித்தி ஆற்றங்கரையில் சதுப்பும் கோலி மீனவர் குடியிருப்புமாக இருந்த தாராவிக்கு 1887இல் முதல் தோல் பதனிடும் பட்டறை வந்தது. பாந்த்ராவின் இறைச்சிக் கூடம் அண்மையில் இருந்தது. நாற்றமெடுக்கும் தொழில்களை நகருக்கு வெளியே தள்ளுவதும் அன்றைய பம்பாய் ஆட்சியாளரின் வழக்கம். தோல் தொழிலில் கைதேர்ந்த தமிழ் முஸ்லிம்களும், அவர்களிடம் வேலைக்கு வந்த ஆதிதிராவிட மக்களும் பெருமளவில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தார்கள். 1871இலேயே ராய்ச்சூரில் மதராஸ், பம்பாய் இருப்புப்பாதைகள் இணைந்துவிட்டிருந்தன. ஊரிலிருந்து மதராஸ், அங்கிருந்து பம்பாய் மெயில் என்பது இரண்டு மூன்று தலைமுறைகளின் வழித்தடம்.

இந்த வழித்தடத்தின் கடைசி நிலையம் தாதரோ விக்டோரியா டெர்மினஸோ அன்று; ஏற்கெனவே வந்துவிட்ட ஓர் ஊர்க்காரரின் கோலி. என் தாத்தா 1950களின் இறுதியில் அப்படித்தான் வந்தார். கையில் முகவரி எழுதிய அஞ்சலட்டை. அதில் தெருப்பெயர்கூட இல்லை, பட்டறையின் பெயரும் ஊர்க்காரர் பெயரும் மட்டும். அவரை ஏற்றவர் உறவினர் அல்லர், பக்கத்து ஊர்க்காரர். அந்தக் கோலியில் அப்போது ஏழு பேர். பகல் வேலைக்குப் போகிறவர்களின் பாயில் இரவு வேலை முடித்து வந்தவர்கள் படுத்தார்கள். முதல் மாதம் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கமாட்டார்கள். இரண்டாம் மாதம் முதல் பங்கு. வேலை நிலைத்ததும் வேறு கோலி பார்க்க வேண்டும்; பார்த்ததும் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். அடுத்து வருபவர் இவருடைய விருந்தாளி. எழுதப்படாத இவ்விதியில் விருந்தாளி என்பது ஒரு பருவம். எல்லோரும் அதைக் கடந்தார்கள். கடந்தவர்கள் அனைவரும் வீட்டுக்காரர் ஆனார்கள்.

தாராவியிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள மாட்டுங்காவில் இதே காலத்தில் வேறொரு விருந்தோம்பல் நடந்தது. 1896இன் பிளேக் கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா பகுதியைத் திட்டமிட்டு மனைகளாகப் பிரித்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணக்கும் அறிந்து மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த எழுத்தர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. குடும்பமில்லாமல் வந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டு விடுதிகள் தாய்வீடாயின. மாட்டுங்கா நிலையத்தின் எதிரே 1942இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இன்றும் வாழையிலை போட்டுப் பரிமாறுகிறது. வீடு செய்யவேண்டியதை நிறுவனம் செய்தது: மாதச் சீட்டு, நேரப்படி பந்தி, அளவில்லாச் சோறு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பெருமைப்படுவது எளிது. ஆனால் வரலாறு அவ்வளவு இனிப்பானதன்று. மாட்டுங்காவின் பந்தியும் தாராவியின் பாயும் ஒரே மொழி பேசியவை. ஒன்றின் விருந்தாளி மற்றொன்றின் விருந்தாளி ஆனதில்லை. ஊர், சாதி, ஜமாத் ஆகிய மூன்று வாசல்கள் வழியாகவே தமிழர் தமிழரை ஏற்றார்கள். தாராவிக்குள்ளும் அப்படித்தான்: எந்த ஊர்க்காரர், யார் வீட்டு ஆள் என்ற இரு கேள்விகளுக்கு விடை சொன்னாலே கேட்டவருக்குச் சாதி தெரிந்துவிடும். தாத்தா பதனிட்டதோல் மாட்டுங்காவுக்குச் செருப்பாகவும் பையாகவும் போயிருக்கும். தாத்தா அங்கே யார் வீட்டுக்கும் விருந்தாகப் போனதில்லை. ஜெர்மானியப் படிவம் என் சாதியைக் கேட்கவில்லை என்பதை நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். அது சம்பளத்தைக் கேட்டது.

செம்பூர் மூன்றாவது கதை. 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954இல் அணுசக்தி நிறுவனம் அமைந்தது. 1956இல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் வந்தார்கள். இவர்களுக்கு நிறுவனக் குடியிருப்பு இருந்தது, விடுப்புப் பயணச் சலுகை இருந்தது. ஆகவே இங்கு வந்த விருந்தாளியின் முகமும் மாறியது. வேலை தேடும் இளைஞரைவிட, மகளின் பேறுகாலத்திற்கு வரும் தாய், பணி ஓய்வுக்குப் பின் ‘மகனிடம் மூன்று மாதம்’ என்று வரும் தந்தை ஆகியோரே அதிகம். மொழி தெரியாமல் பால்கனியில் அமர்ந்து மாலையாகக் காத்திருக்கும் அந்தப் பெரியவர்களை செம்பூரில் எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் கண்டிருக்கிறேன். சென்ற கோடையில் என் அறையின் சாளரத்தருகே அம்மா அவ்வாறு அமர்ந்திருந்தபோதுதான் அக்காத்திருப்பு எனக்குப் புரிந்தது.

தாராவிக்கு மீள்கிறேன். 1970களில் வளைகுடா நாடுகளின் எண்ணெய்ப் பணம் பெருகியபோது, அங்கே வேலைக்குப் போகும் வாசல்களுள் முதன்மையானதாகப் பம்பாய் விளங்கியது. முகவர்களும் தூதரக அலுவலகங்களும் விமானங்களும் இங்கிருந்தன. 1983இன் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் முத்திரையும் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் விசாவுக்காக வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கே? பணமிருந்தவர்கள் விடுதிகளில், மற்றவர்கள் ஊர்க்காரர்களின் கோலிகளில். எங்கள் போட்மாலாவில் அப்படி ஒருவர் ஐந்து மாதம் காத்திருந்ததாக அம்மா சொல்வாள். முகவர் ஏமாற்றிவிட்டார்; அவர் போகவேயில்லை. ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, தோல் பை தைக்கக் கற்றுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

மருத்துவமனை விருந்தாளிகள் மற்றொரு வகை. பரேலில் 1941இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து புற்றுநோயாளிகள் வருகிறார்கள். ஊரிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. அவர்களுக்கு மொழி பெயர்க்கப் பள்ளிக்கூட வயதிலேயே நான் போயிருக்கிறேன். மருத்துவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எவ்வளவு சொல்லலாம், எதை விடலாம் என்பதே நான் கற்ற முதல் மொழியியல் பாடம்.

விருந்தாளி என்னும் சொல் அடைப்பதற்கும் பயன்பட்டதுண்டு. 1960களில் பம்பாயின் ‘மார்மிக்’ இதழ் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966இல் சிவசேனை தோன்றியது. இரண்டு தலைமுறையாக இருந்தவர்களுக்கும் நீங்கள் வந்தவர்கள்தாமே என்று நினைவூட்டப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனி, 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் ஒப்பந்தம் செய்து, ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆளெடுத்தது. அவர்களுக்கு இட்ட பெயர் ‘விருந்தாளித் தொழிலாளி’. வேலை முடிந்ததும் திரும்பிப் போகவேண்டியவர் என்ற பொருள் அப்பெயருக்குள்ளேயே இருந்தது. 1973இல் ஆளெடுப்பு நின்றது. திரும்பிப் போனால் மீண்டும் வர இயலாது என்பதால் பலர் தங்கிவிட்டு, மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் என்னுடன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்.

அம்மாவுக்கு இவற்றையெல்லாம் சொன்னேனா என்றால், இல்லை. வந்த முதல் நாள் என் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

“ஏட்டி, இவ்வளவு பெரிய கோலியில நீ ஒத்தையிலயா கெடக்க?”

என் அறை இருபது சதுர மீட்டர்; எங்கள் கோலியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அவள் அதை இரக்கத்தோடு சொன்னாள்.

ஒரு நாள் அவளை ஃபிராங்கே அறநிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். 1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்று ஆவணக் காப்பகமும் நூலகமுமாக நிற்கின்றன. தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டது இவ்வூரிலிருந்துதான். அங்கிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இங்கே பேணப்படுகின்றன. சீகன்பால்கு 1714இல் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் வந்தார். சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் இலத்தீனில் எழுதப்பெற்று 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. மொழித்துணையாகக் கடல் கடந்து வந்தவரின் பெயர் அதன் தலைப்புப் பக்கத்தில் இல்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இவ்வூருக்கு வந்த அந்தத் தமிழ் விருந்தாளியைப் பற்றிக் கூறியதும் அம்மா கேட்டாள்: “அந்தப் பிள்ளைக்கு இங்க சோறு யாரு பொங்கிப் போட்டா?”

மூன்றாண்டுகளாக அவ்விலக்கண நூலைப் படித்துவரும் எனக்கு அக்கேள்வி தோன்றியதேயில்லை. பெயரடைகளையும் வேற்றுமை உருபுகளையும் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறேன். மலையப்பன் எங்கே படுத்தார், யாரிடம் தமிழில் பேசினார், குளிருக்கு என்ன போர்த்தினார் என்று தேடியதில்லை. விருந்தாளியின் அறிவு நூலாகிறது. அவரைப் பேணியவரின் உழைப்பு எங்கும் எழுதப்படுவதில்லை. தாராவியிலும் இதுவே. வந்தவர்களின் கதைகளை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழு பேருக்கு உலைவைத்த இடத்தில் எட்டாவது ஆளுக்கும் அரிசி களைந்து போட்ட பெண்களின் கணக்கு யாரிடமும் இல்லை. கோலிக்கு விருந்தாளியை அழைத்தது தாத்தா. தண்ணீர்க் குழாயில் விடியற்காலை இரண்டு குடம் கூடுதலாகப் பிடிக்க நின்றவள் பாட்டி. ‘விருந்தோம்பல்’ என்று நாம் பெருமையாகச் சொல்வதில் ஓம்பியது யார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை பெண்கள்தாம். பாட்டிக்கு அதில் மகிழ்ச்சி இருந்ததா? நான் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் முடியாது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா வராமல் இருந்ததற்கு என் சம்பளம் மட்டும் காரணமன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. கணக்கெடுப்போர் வரும்போது வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்று அப்பா அஞ்சினார். அறிவிக்கப்பட்ட விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு; அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளில். 1976 ஜனவரியில் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை வழங்கியது. தாத்தா பெயரிலான அந்த அட்டையை அப்பா இன்றும் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்திருக்கிறார். நாங்கள் தப்பலாம்.

ஆனால் மேலே இருப்பவர்கள்? வளைகுடாவுக்குப் போகாமல் தங்கிவிட்டவர் என்று சொன்னேனே, போட்மாலாவைச் சற்று உயர்த்திக் கட்டி, இரும்பு ஏணி வைத்து, அவருடைய குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு மகள் பிறந்ததும், அவள் பள்ளிக்குப் போனதும் அங்கிருந்துதான். எங்கள் வீட்டில் அவரை யாரும் விருந்தாளி என்று நினைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. படிவத்திற்கு அவர் இன்னும் மேல்தளத்துக்காரர். நூறாண்டுகளுக்கு மேலாக விருந்தாளியை ஏற்றே வளர்ந்த ஒரு குடியிருப்பில், யார் முன்பு வந்தவர், யார் பின்பு வந்தவர் என்று கோடு கிழித்தால், அக்கோடு வீட்டுக்கு நடுவே விழுகிறது. குடிநீரும் கழிவறையும் காற்றோட்டமும் உள்ள வீடு வேண்டாம் என்று தாராவியில் யாரும் சொல்லமாட்டார்கள்; நானும் சொல்லவில்லை. குடும்பம் என்பதை எண்ணும் முறையைப் பற்றியே என் கேள்வி.

ஆகவே ஒரு வேண்டுகோள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சயான், எங்கே வளர்ந்தவராயினும், உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பம்பாய்க்கு வந்தவர் யார் வீட்டில் இறங்கினார், எந்த ஆண்டு, எத்தனை நாள் இருந்தார், அங்கே சமைத்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். பொதுவில் பகிர வேண்டியதில்லை; உங்கள் வீட்டில் இருந்தால் போதும். கோலிகள் இடிக்கப்பட்ட பிறகு இதைக் கேட்க ஆள் இருப்பார்கள். சொல்ல ஆள் இருப்பார்களா என்பது ஐயமே.

அம்மா திரும்பிப் போகும் நாளில் என் அறையைப் பெருக்கி, போர்வையை மடித்து, அரிசி டப்பாவை நிரப்பி வைத்துவிட்டு, “அடுத்து யாரு வாரா?” என்று கேட்டாள்.

அப்பாவுக்கான படிவத்தை அடுத்த மாதம் கொடுக்கவிருக்கிறேன். அதுவரை மேல்தளத்துக் கணக்கு என்னவாகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.